பொதட்டூர்பேட்டைக் குன்றுகளின் தீக்காலம்

பொதட்டூர்பேட்டையைச் சுற்றியுள்ள குன்றுகள் தை முடியும்போது நிறம் மாறும். வடகிழக்குப் பருவமழையில் இடுப்பளவு வளர்ந்த புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். களாவும் காரையும் சீத்தாவும் இலை கொட்டி நிற்கும். மாசியும் பங்குனியும்தான் இந்தப் பக்கத்தின் தீக்காலம். கத்திரி வெயிலில்தான் மலை எரியும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. தமிழ்நாட்டின் அன்றாட வெயில் பட்டியலில் பக்கத்திலுள்ள திருத்தணி முன்வரிசையில் வரும் ஊர் என்பதால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் கத்திரி பிறப்பதற்குள் எரிய வேண்டியதெல்லாம் பெரும்பாலும் எரிந்து முடிந்திருக்கும். நடுவில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் மிச்சமிருக்கும் புல்லும் அடியில் பச்சை கட்டிக்கொள்ளும்.

ஊர் இருப்பது திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது புதிய எல்லைக்கோடு இந்தக் குன்றுகளுக்கிடையே விழுந்தது. வடக்கே நகரி மலைகள். அவற்றில் நகரி மூக்கு என்ற முகடு சுமார் 850 மீட்டர் உயரம். சோழமண்டலக் கரைக்கு வந்த பழைய கப்பல்காரர்கள் அதைக் கடலிலிருந்தே அடையாளம் பார்த்தார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிதறிய துண்டுகள் இவை. உச்சியில் சுவர்போல் பாறை, அதன்கீழ் உருண்டு கிடக்கும் கற்சரிவு, அடியில் புதர்க்காடு. மேல்மண் மெலிது. மழை நின்ற சில வாரங்களிலேயே ஈரம் போய்விடும். சேஷாசலம், வெலிகொண்டா மலைகளை மையமாகக் கொண்டு வளரும் செம்மரம் இந்தப் பக்கத்துக் குன்றுகள் வரை வந்து நிற்கிறது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை.

1980களில் ஊரில் வளர்ந்தவர்களின் நினைவில் மலைத்தீ அபாயச் செய்தியாக இல்லை, பருவக் காட்சியாகவே இருக்கிறது. இரவில் சரிவின் நடுவே ஒரு சிவப்புக் கோடு வளைந்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மேலேறியிருக்கும். திண்ணையில் இருப்பவர்கள் ‘மலை எரியுது’ என்று சொல்லிவிட்டு விட்ட பேச்சைத் தொடர்வார்கள். காற்று ஊர்ப்பக்கம் திரும்பிய நாட்களில்தான் சங்கடம். கருகிய புல் இழைகள் பறந்துவந்து, விடியற்காலையில் நெசவாளர்கள் தெருவில் நீட்டிக் கட்டிய பாவின்மேல் விழும். கஞ்சி ஈரம் காயாத நூலில் கரி பட்டால் தட்டிப் போகாது, தேய்த்தால் இன்னும் பரவும். நெசவாளிக்கும் மலைத்தீக்கும் இருந்த வழக்கு அவ்வளவுதான். மலையடியில் ஆட்டுப்பட்டியும் கரும்புக் கொல்லையும் வைக்கோற்போரும் கூரைவீடும் வைத்திருந்தவர்களின் வழக்கு வேறு. தீயணைக்க மேலே ஏறியவர்களும் அவர்கள்தான். ஊரில் ‘தீ தானே அவிஞ்சிடுச்சி’ என்று பேசிக்கொண்ட இரவுகளில் பலவற்றில், அது தானாக அவியவில்லை.

தீ எப்படிப் பிடிக்கிறது என்பதில் மர்மம் குறைவு. மூங்கில் உரசித் தீப்பற்றும் என்ற கதை தமிழ்நாடு முழுக்க உலவுகிறது. இந்தக் குன்றுகளில் அப்படி உரசிக்கொள்ள மூங்கில் காடே கிடையாது. மாசி, பங்குனியில் இடிமழை அபூர்வம் என்பதால் மின்னலைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. மிஞ்சுவது மனிதக் கை. பழைய புல்லை எரித்தால் அடுத்த மழைக்கு இளம்புல் கிளம்பும் என்று மேய்ப்பவர் வைப்பது ஒன்று. தேனெடுக்கப் போனவர் கொளுத்திய பந்தம், விறகுக்குப் போனவர் போட்ட பீடித்துண்டு, பொழுதுபோகாமல் யாரோ கிழித்த தீக்குச்சி என்று மற்றவை. அதிகம் பேசப்படாத காரணம் கரும்பு. திருவாலங்காட்டில் உள்ள திருத்தணிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் ஊர்கள் இவை. வெட்டு முடிந்ததும் கொல்லையில் கிடக்கும் சோகையைக் கொளுத்திவிடுவது வழக்கம். சோகைத் தீயின் பொறி வரப்பைத் தாண்டிப் புறம்போக்குப் புல்லில் விழுந்தால், புல் அதை மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வெட்டுக் காலமும் தீக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. மேய்ப்பவர்மேல் மட்டும் பழி போடுவது அரசாங்கக் காகிதங்களின் நெடுநாள் வழக்கம். ஆடு காட்டுக்குள் நிற்பதால் அது கண்ணில் படுகிறது. கரும்பு பட்டா நிலத்தில் நிற்கிறது.

அந்தக் காகித வழக்கத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். ஆங்கிலேயர் காட்டைக் கையிலெடுத்த பிறகு, 1860களில் மத்திய மாகாணத்தின் போரி காட்டில் கர்னல் பியர்சன் முறையான தீத்தடுப்பைத் தொடங்கினார். 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. பெயர் மாறி அது இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் 79ஆம் பிரிவு ஒரு படி மேலே போய், காட்டில் உரிமை அனுபவிக்கும் அண்டை ஊரார் தீயணைக்க உதவியே ஆகவேண்டும் என்கிறது. உரிமையைக் குறைத்துவிட்டு உதவியைக் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும் என்பதைக் குமாவோன் காட்டியது: 1921இல் அந்த மலைமக்கள் அரசின் பைன் காடுகளுக்குத் தாங்களே தீ வைத்தார்கள். தென்னாட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் ‘அது பாரஸ்ட்காரன் காடு’ என்ற எண்ணம் மலையடி ஊர்களில் வேரோடியது. அந்த எண்ணம் இருக்கும்வரை தீயைப் பார்த்தவர் தகவல் சொல்ல ஓடுவதில்லை.

மலைத்தீயின் நடத்தையைத் தீர்மானிப்பவை மூன்று: எரிபொருள், காற்று, சாய்வு. இங்குள்ள காட்டில் தீ தரையோடு ஓடும். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் போல மரத்தலைகளைப் பற்றித் தாவுவது அரிது. புல்லில் அது வேகமாக ஓடிச் சீக்கிரம் அவியும். சருகில் மெதுவாக நகர்ந்து நெடுநேரம் நிற்கும். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் தரைத்தீ ஆளுயரத்துக்கு எழும்பும். சாய்வு எல்லாவற்றையும் மாற்றிவிடும். மேல்நோக்கி ஏறும் தீயின் சுவாலை எதிரே உள்ள புல்லின்மேல் சாய்ந்து அதை முன்கூட்டியே சுட்டு உலர்த்துகிறது. சாய்வு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கைக்கணக்கு. பகலில் வெயிலேறச் சூடான காற்று சரிவில் மேலே போகும். இரவில் குளிர்ந்து கீழே இறங்கும். அதனால் பிற்பகல் இரண்டு மணியின் தீயும் பின்னிரவு இரண்டு மணியின் தீயும் ஒரே தீ அல்ல. இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள குறுகிய ஓடை புகைபோக்கி மாதிரி வேலை செய்யும்: அடியில் பற்றினால் உச்சிவரை ஒரே இழுப்பு.

மலைமேல் தீயணைப்பு வண்டி ஏறாது. திருத்தணியிலிருந்து வரும் வண்டி தார்ச்சாலை முடியும் இடத்தில் நிற்கும்; அங்கிருந்து குழாய் எட்டும் தூரம்வரைதான் தண்ணீர். அதற்கு மேலே உள்ள ஆயுதம் பச்சைத் தழை. அடிவாரத்திலேயே புங்கிலோ வேம்பிலோ ஆள் நீளக் கொம்பு ஒன்று வெட்டிக்கொண்டு ஏற வேண்டும். மேலே போய்த் தேடினால் எல்லாம் காய்ந்திருக்கும். புதிதாக வருபவர் கொம்பைத் தலைக்குமேல் ஓங்கி அடிப்பார். அப்படி அடித்தால் பொறி சிதறி முதுகுக்குப் பின்னால் புதிதாகப் பற்றும். பழகியவர் ஓங்குவதில்லை. தழையைத் தீயின் ஓரத்தில் அழுத்தி, எரிந்த பக்கமாக இழுத்துத் துடைப்பார். ஒருவர் அழுத்திக்கொண்டு முன்னே போக, பின்னால் வருபவர் அவியாததை மிதித்தும் மண்தள்ளியும் அணைப்பார். மூன்றாமவருக்குக் கையில் வேலை கிடையாது. காற்றையும் தீயின் போக்கையும் பார்த்துக் குரல் கொடுப்பதுதான் அவர் வேலை. ஆள் பற்றாக்குறையில் முதலில் விட்டுப்போவது அந்த மூன்றாமவர். அது ஆபத்தான சிக்கனம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் விதி கண்டிப்பானது. தீயின் முகத்துக்கு எதிரே போகக்கூடாது. ஏறும் தீக்கு மேலே சரிவில் நிற்கவே கூடாது. வாலில், அதாவது தீ புறப்பட்ட இடத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் விலாவை ஒடுக்கிக்கொண்டே போய், முகம் சிறுத்த பிறகோ, பாறையில் முட்டி அது நின்ற பிறகோதான் அதைத் தொடலாம். நகரிப் பக்கத்துக் குன்றுகளில் உச்சிப் பாறை இயற்கையாகவே ஒரு தடுப்பு. அதை எட்டும்வரை விட்டுவிட்டுப் பக்கங்களை மட்டும் காப்பாற்றுவது உண்டு. கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

எதிர்த்தீ வைப்பது கடைசி உபாயம். ஓடும் தீக்கு முன்னால், ஒரு பாதையையோ வெட்டிய கோட்டையோ முதுகுக்கு வைத்துக்கொண்டு, தாமே தீ மூட்டி எரிபொருளைத் தீர்த்துவிடுவது. சரியாக அமைந்தால் இரண்டு தீயும் சந்தித்து அவியும். காற்றைத் தப்பாகக் கணித்தால் இரண்டு தீக்கு நடுவில் ஆட்கள். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பகுதியிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். பெரும்பாலும் மலையடி இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களோ, வயதான வனத்துறை வாட்சர்களோ. பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கத்து இருளர்கள் புதர்க்காட்டில் கிழங்கும் தேனும் எடுத்துப் பழகியவர்கள். எந்த ஓடையில் மாசியிலும் ஈரம் நிற்கும், எந்தச் சரிவில் கால் நிற்காது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தினக்கூலிப் பட்டியலில் அந்த அறிவுக்குத் தனி விகிதம் எழுதப்பட்டதில்லை.

தப்பிக்கும் வழியாகவும் எரிந்த நிலமே உதவும். அமெரிக்காவின் மொன்டானாவில், 1949 ஆகஸ்டு 5 அன்று மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் புல்தீ செங்குத்தான சரிவில் தீயணைப்பு வீரர்களைத் துரத்தியது. குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, அது எரிந்து போன சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். உடன் வந்தவர்களையும் அங்கே அழைத்தார். அவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. 13 பேர் இறந்தார்கள். டாட்ஜைத் தவிர இருவர் மட்டும் பாறை இடுக்கு ஒன்றின் வழியே மறுபக்கம் ஏறித் தப்பினார்கள். உலகெங்கும் காட்டுத்தீப் பயிற்சியில் இன்றும் சொல்லிக்கொடுக்கப்படும் நிகழ்ச்சி அது.

அதே பாடம் தமிழ்நாட்டுக்கு 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி. சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழுவுமாக முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள், பெண்கள் அதிகம், முந்தைய நாள் கொழுக்குமலை ஏறி இரவு தங்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் சரிவுப் புல்லில் தீ ஏறிவந்தது. ஆளுயரப் புல், செங்குத்தான சரிவு, மேலேறும் பிற்பகல் காற்று; தீயணைப்பவர் எவரும் நிற்க மறுக்கும் மூன்றும் ஒரே இடத்தில். சிதறி ஓடியவர்களில் பலர் பள்ளங்களில் சிக்கினார்கள். மலையில் இறந்தவர்கள் 9 பேர். மருத்துவமனைகளில் பின்னர் இறந்தவர்களையும் சேர்க்க எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள், மதுரை ராஜாஜி மருத்துவமனை இரவெல்லாம் விழித்திருந்தது. ஆனால் இருட்டுவதற்குள் காயம்பட்டவர்களை எட்டி, போர்வையில் கட்டித் தூக்கி, கல்லும் முள்ளுமான தடத்தில் கீழே கொண்டுவந்தவர்களில் முந்தியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளும்.

அரசு அதுல்ய மிஸ்ராவை விசாரணை அலுவலராக அமர்த்தியது. அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளும் வந்தன. பதிவு, வழிகாட்டி, தடங்களின் தரம்பிரிப்பு ஆகியவற்றோடு, தீக்காலத்தில் மலையேற்றம் கிடையாது என்பதும் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தடங்கள் மூடப்படுகின்றன. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது தடங்களோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்திலும், திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைத் தடம் உட்பட, இதே இடைவெளி கடைப்பிடிக்கப்படுகிறது. ஒரு சின்ன விஷயமும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் போகிறவர் தீக்காலமில்லாவிட்டாலும் பருத்தி உடுத்திப் போவது நல்லது. பாலியெஸ்டர் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நெசவூரார் சொன்னால் விளம்பரம் என்பார்கள். தீயணைப்புத் துறையினர் சொல்வதும் இதுவே.

பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் நடந்த பெருந்தீ குரங்கணிக்கு நான்காண்டு முந்தியது. 2014 மார்ச் மூன்றாம் வாரத்தில் திருமலைக் காடுகள் எரிந்தன. அவை இருக்கும், நகரி மலைகளுக்கு வடக்கே உள்ள சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம், செம்மரத்தின் தாய்நிலம். பாபவிநாசம் சாலை மூடப்பட்டது. தேவஸ்தான ஊழியர்களும் வனத்துறையும் தீயணைப்புத் துறையும் போதாமல் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் கொட்டின. கோயில் நகரம் தப்பியது. மலை மட்டும் கருகியது. ஹெலிகாப்டரில் தொங்கும் வாளி ஒரு நடைக்குச் சில ஆயிரம் லிட்டர் கொண்டுவரும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரிலும், 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கத்திலும் அதே காட்சிதான். படமெடுக்க அது எடுப்பான காட்சி, ஆபத்துக்கு உதவவும் செய்கிறது. ஆனால் தண்ணீர் சூட்டைத் தணிக்கிறதே தவிர ஓரத்தைத் துடைப்பதில்லை. தரையில் ஆளில்லாவிட்டால் மறுநாள் வெயிலில் அதே கட்டை புகையும்.

தீயணைப்பில் பெரும்பகுதி தீ வருவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை. தீத்தடுப்புக் கோடு என்பது காட்டின் ஓரத்திலும் பாதைகளின் இருபுறமும் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் சருகையும் முழுக்க அகற்றுவது. மார்கழி, தையில் புல்லைச் செதுக்கிக் காயவிட்டு, பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, மண் தெரியச் செய்ய வேண்டும். தை தாண்டினால் அந்தக் கட்டுப்பாட்டுத் தீயே கைமீறும். கூலிப்பணம் தாமதமாக வந்த ஆண்டுகளில் கோடு பங்குனியில் வெட்டப்பட்டதும் உண்டு. வெட்டிய கோடு தானாகத் தீயை நிறுத்தாது. எதிர்த்து நிற்க ஒரு தளத்தைத்தான் அது தருகிறது. நிற்க ஆள் வேண்டும். திருவண்ணாமலை மலையில் ‘ஃபாரஸ்ட் வே’ என்ற அறக்கட்டளை ஆண்டுதோறும் உள்ளூர் ஆட்களோடு இப்படிக் கோடு வெட்டி, தீ கண்டதும் ஏறி அணைத்து, மரமும் நட்டு வருகிறது. எரியாமல் விட்ட ஆண்டுகள் கூடக்கூடச் சரிவில் மரம் தலையெடுப்பதைக் கிரிவலம் போகிறவர்கள் பார்க்கலாம். 1997இல் ஜப்பானிய நிதியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் ஊர்தோறும் கிராம வனக்குழு அமைத்ததற்கும் இதே கணக்கு உண்டு: புல்லும் பழமும் ஊருக்கு, காவலும் ஊருடையது. பணம் வந்த காலத்தில் குழுக்கள் பல இடங்களில் நன்றாகவே நடந்தன. திட்டம் முடிந்தபின் பெயர்ப்பலகை மட்டும் நின்ற இடங்களும் உண்டு.

தகவல் வரும் வழி அடியோடு மாறிவிட்டது. முன்பு யாராவது சைக்கிளில் போய் வனச்சரக அலுவலகத்தில் சொல்ல வேண்டும். டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீயிடங்களைக் கண்டு மாநிலங்களுக்கு அனுப்புகிறது. முதலில் பயன்பட்ட மோடிஸ் கருவியின் ஒரு புள்ளி தரையில் ஒரு கிலோமீட்டர். பின்னால் வந்த விர்ஸ் கருவியில் அது 375 மீட்டர். எச்சரிக்கை குறுஞ்செய்தியாகக் களப்பணியாளரின் கைபேசிக்கே வருகிறது. அந்தத் துறையின் மதிப்பீட்டில் நாட்டின் காட்டுப்பரப்பில் 36 விழுக்காட்டுக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கக்கூடியது. என்றாலும் செயற்கைக்கோள் தலைக்குமேல் வரும் நேரங்களில் மட்டும் பார்க்கும். இரண்டு பார்வைக்கு நடுவே ஒரு புல்சரிவு முழுதாக எரிந்து முடிந்துவிடும். எல்லையோரத்தில் இன்னொரு சிக்கல். முகட்டின் இந்தப் பக்கம் எரிவது ஒரு மாநிலத்தின் கணக்கு, அந்தப் பக்கம் மற்றதன் கணக்கு. இரு பக்கத்து வாட்சர்களும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர்கள், பலர் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள். முறையான தகவல் மேலே போய் இறங்குவதற்குள் அவர்களுக்குள் ஒரு போன் பேசி முடிந்திருக்கும். நடைமுறையில் எல்லைத் தீயை அணைத்தது பெரும்பாலும் அந்தப் பழக்கம்தான்.

இந்த வேலையின் விலையும் தெரிந்ததே. 2017 பிப்ரவரியில் பந்திப்பூரில் வனக்காவலர் ஒருவர் தீயில் இறந்தார். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் வனக்காவல் பணியில் இருந்த மூவர். 2024 ஜூனில் உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் நான்கு பணியாளர்கள் அங்கேயே இறந்தார்கள், காயம்பட்டவர்களில் சிலர் பிறகு. இவர்களில் பலர் தற்காலிகப் பணியாளர்கள், தினக்கூலிகள். காலில் தடித்த காலணியும் உடம்பில் தீ தாங்கும் உடையும் இல்லாமல் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலை ஊதும் இயந்திரமும் முதுகில் சுமக்கும் தெளிப்பானும் பல சரகங்களுக்கு வந்துவிட்டன. இயந்திரம் வந்த அளவுக்குக் காலணி வரவில்லை என்பது வினோதமான வரிசை.

மலையடி ஊரைக் காப்பது தனி வேலை. இங்கே ஆபத்து பெரும்பாலும் சுவாலையால் அல்ல, பறந்து விழும் பொறியால். வீட்டுக்கூரையைவிட வைக்கோற்போர்தான் முதலில் பற்றும். அதனால் தீக்காலத்தில் போரை மலைப்பக்கக் கொல்லையில் போடாமல் வீட்டுக்கு மறுபுறம் போட்டார்கள். கொல்லைக்கும் புல்லுக்கும் நடுவே நாலு சால் உழுதுவிடுவது செலவில்லாத தடுப்பு. தீ இறங்கும் என்று தெரிந்தால் முதலில் ஆடுமாடுகளின் கயிற்றை அவிழ்ப்பார்கள். கட்டுத்தறியில் நின்ற மாடு ஓட வழியில்லாமல் சாகும். பிறகு கூரையில் தண்ணீர் ஊற்றுவது, சாக்கை நனைத்து வைத்துக்கொள்வது. இளைப்பு நோய் உள்ளவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் குழந்தைகளையும் தீ வருவதற்கு முன்பே, புகை தொடங்கும்போதே, உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மூக்கில் ஈரத்துணி கட்டினால் சாம்பல் நிற்கும், நுண்புகை நிற்காது. எப்போது போவது என்பது பணக்கார நாடுகளுக்கும் கடினமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ‘தயாராகு, தங்கிக் காத்துக்கொள் அல்லது முன்பே கிளம்பு’ என்பது நெடுங்காலக் கொள்கை. 2009 பிப்ரவரி 7 அன்று அங்கே 173 பேர் இறந்தார்கள், பலர் தம் வீடுகளிலேயே. அதன்பின் மிகக் கொடிய நாட்களுக்குத் தங்குவது என்ற தெரிவையே அதிகாரிகள் பரிந்துரைப்பதில்லை. முன்பே கிளம்பு என்பது மட்டுமே. பள்ளிப்பட்டுப் பக்கத்துப் புல்தீக்கு ஊரையே காலி செய்யும் தேவை வந்ததில்லை. இங்கே கேள்வி பட்டியில் இருக்கும் கிழவரைப் பற்றியது. ஆடுகளை விட்டு அவர் வரமாட்டார், அவரை விட்டுப் பேரன் வரமாட்டான். கிளம்பச் சொல்லிப் போகிறவர் ஆடுகளுக்கும் இடம் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தீ அவிந்தபின் இரண்டு நாள் காவல் உண்டு. புல் எரிந்து சாம்பலாகிவிட்டாலும் காய்ந்த சாணியும் ஈச்சந்தூரும் பட்ட மரத்தின் அடியும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். பிற்பகல் காற்றில் ஒரு கட்டை உருண்டு கோட்டைத் தாண்டினால் முதலிலிருந்து எல்லாம். அதனால் ஓரத்தை வெறுங்கையால் தடவிப் பார்த்து, சூடு தெரிந்த இடத்தைக் கிளறி மண் போடுவார்கள். ஆட்கள் களைத்து இறங்கிவிட்ட நேரம் இது. மறுபடி பற்றும் தீயில் கணிசமான பங்கு இந்த இடைவெளியில் பிறக்கிறது.

எரிந்த சரிவு முதல் கனமழைக்கு மண்ணைப் பிடித்துவைக்காது. சாம்பலும் மேல்மண்ணும் ஓடைகளில் இறங்கி அடிவார ஏரிகளில் படியும். மிச்சம் பள்ளிப்பட்டு வழியே வரும் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம்வரை போகும். சீத்தாவும் ஈச்சையும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். விதையிலிருந்து வர வேண்டிய மரக்கன்றுகள் ஒரே தீயில் போய்விடும். ஆண்டுதோறும் எரியும் சரிவில் சில காலத்தில் புல்லும் முள்ளும்தான் மிஞ்சும், அது அடுத்த மாசியில் இன்னும் எளிதாகப் பற்றும். எரிந்த இடத்தில் முதல் மழைக்குக் கிளம்பும் இளம்புல்லில் ஆட்டை விடாமல் ஓரிரண்டு பருவம் அடைத்துவைத்தால் கன்றுகள் முழங்கால் உயரத்தைத் தாண்டிவிடும், அதன்பின் சிறு தீயைத் தாங்கும். அடைத்துவைக்கும் காலத்தில் அந்த ஆடுகள் எங்கே மேயும் என்பதையும் வனக்குழுக் கூட்டத்திலேயே பேசி முடித்த ஊர்களில் அடைப்பு நின்றது. மற்ற ஊர்களில் வேலி போட்ட மாதமே ஆடு உள்ளே இருந்தது.